டாக்டருக்கு யார் லீவு தருவது?

அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கும் என் மச்சானைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. வருஷத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவ்! 'தலைவலி' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பக்கத்து சீட்காரர் ஃபைலைப் பார்த்துக்கொள்வார். விழுப்புரத்தில் தனி ஆளாக கிளினிக் நடத்தும் நான் யாரிடம் லீவ் லெட்டர் நீட்டுவது? கம்பவுண்டரிடமா?

சின்ன கிளினிக்கில் டாக்டர் வெறும் டாக்டர் இல்லை ஸார். முதலாளி, கேஷியர், இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுபவர், 'ஊசி போடாம அனுப்பிட்டாரு' என்று கூகுளில் ஒற்றை ஸ்டார் வாங்கிக் கட்டிக்கொள்பவர் - எல்லாம் ஒருத்தரே! ஐப்பசியில் மழையும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் இரவு பத்தரைக்கும் டோக்கன் ஓடும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் வாட்ஸ்அப்பில் யாருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோ வந்து விழும். சாம்பாரும் கிரியாட்டினினும் ஒன்றாகத்தான் உள்ளே போகும்.

இதையெல்லாம் சிரித்துச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேறு.

2022-ல் ஓர் ஆடி மாத மாலை. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஈ.சி.ஜி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மருந்தைக் கொடுத்து, 108-ஐ வரவழைத்து, முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டார்.

அன்றிரவு கிளினிக் வாசலில் பத்துப் பதினைந்து பேர். "நல்லா நடந்து வந்த மனுஷன்யா..." என்று ஒரு குரல். டாக்டரைத் தாக்கினால் ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. நடுராத்திரியில் சட்டப் புத்தகமா வந்து கதவைத் தாங்கிப் பிடிக்கும்? நல்லவேளை, பெரியவர் ஒருவர் பேசி எல்லோரையும் அழைத்துப் போனார்.

அதற்குப் பிறகு யார் 'நெஞ்சு' என்று ஆரம்பித்தாலும் என் விரல் நடுங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஈ.சி.ஜி. தாள் கண் முன்னால் ஓடும். வீட்டில் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, திண்டிவனத்தில் கிளினிக் வைத்திருக்கும் என் காலேஜ் தோழன் போனில் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டான். பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தான். ஆறுதல் எல்லாம் கிடையாது, வைவா மாதிரி கேள்விதான்!

"எத்தனை மணிக்கு வந்தாரு? எத்தனை நிமிஷத்துல ஈ.சி.ஜி. எடுத்தே? ஆஸ்பிரின் குடுத்தியா? 108 எப்ப வந்துச்சு?"

சொன்னேன்.

"நானா இருந்தாலும் இதையேதான்டா செஞ்சிருப்பேன்."

'உங்க மேல தப்பில்ல' என்று மனைவி நூறு தடவை சொன்னதுதான். ஏறவில்லை. இன்னொரு டாக்டர் நிமிஷக் கணக்குப் பார்த்துச் சொன்னதும் ஏறியது. அன்று தூங்கினேன்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்ற மனோதத்துவ டாக்டர், எங்களைப் போன்ற குடும்ப டாக்டர்களை உட்கார வைத்து, மனசை உறுத்தும் நோயாளிகளைப் பற்றிப் பேச வைத்தார். இன்றும் பல நாடுகளில் 'பாலின்ட் குழு' கூடுகிறது. எங்கள் குழுவில் இரண்டே பேர்! செவ்வாய் இரவு பத்து மணி, அரை மணி நேரம் போன். நோயாளியின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது.

லீவுக்கும் வழி பிறந்தது. ஒரு ஞாயிறு என் கிளினிக் போனையும் அவனே எடுப்பான். அடுத்த ஞாயிறு நான். யார் உடனே முண்டியம்பாக்கம் போக வேண்டும், யார் திங்கள்வரை பொறுக்கலாம் என்று சொல்ல ஒருத்தர் போதும். முதல் வாரமே ஒரு பாட்டி அவனிடம், "என்ன தம்பி, கொரலு மாறிப்போச்சு? கஷாயம் வெச்சுக் குடி!" என்றாராம்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு. ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. எங்கள் ஏற்பாடும் தண்ணீரோடு போச்சு. இரண்டு வாரம் இருவருக்கும் ஓய்வில்லை. வடிந்த பிறகு, ஆளுக்கு மூன்று நாள் சேர்த்து எடுத்தோம்.

பேச இப்படித் தோழன் இல்லாதவர்களுக்கு - டாக்டரானாலும் கிளார்க்கானாலும் - 14416 இருக்கிறது. டெலி மானஸ், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மாதம் இரண்டு ஞாயிறு வருமானம் குறைகிறது. கிளினிக் லோன் தவணை குறைவதில்லை. மனைவி டைரியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்கூட்டர் மாத்துறதை அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க" என்றாள்.