தோற்பையும் கத்தியுறையும்: ஓய்வு நேரக் கைத்தொழில்

பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்து கொல்கத்தாவிலும் மும்பையிலும் கான்பூரிலும் தில்லியிலும் வாழும் நம்மவர்க்கு, நாள் முழுதும் உழைத்தபின் மாலையில் எஞ்சும் ஓரிரு மணி நேரம் அரிய செல்வமாகும். சிலர் அதனை இசைக்கும், சிலர் நூல்களுக்கும் உரியதாக்குகின்றனர். கைக்கு வேலையும் மனத்திற்கு அமைதியும் ஒருங்கே தரும் பொழுதுபோக்கை விரும்புவோர்க்குத் தோல் வேலை மிகவும் ஏற்றது. பெரிய பொறிகள் இதற்கு வேண்டா. தனிக் கூடமும் வேண்டா. சிற்றறையின் ஒரு மூலையில் பலகை ஒன்றை இட்டு அமர இடம் இருந்தால் போதும். ஒரு தோள்பையையும் ஒரு கத்தியுறையையும் நம் கையாலேயே செய்துகொள்ளும் முறையை இங்கே காண்போம்.

முறையைக் கூறுமுன், பலர் உள்ளத்தில் எழும் தயக்கம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தோலைத் தொடும் தொழிலைச் சில குலத்தாரின் தலையில் சுமத்தி, அவர்கள் செய்து தந்த செருப்பை அணிந்துகொண்டே அவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய கொடுமை நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் விதி ஒழித்துவிட்டது. எனினும் சட்டம் ஒழித்ததை மனமும் ஒழிக்க வேண்டுமல்லவா? அதற்குக் கைகள் ஒரு வழி காட்டக்கூடும்.

இவ்வழியில் காந்தியடிகள் நமக்கு முன்னோடி. தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க் நகருக்கு அருகே 1910ஆம் ஆண்டில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பெற்றது. அங்கே அவருடன் உழைத்தவர்களில் தமிழர் பலர். அவருடைய நண்பர் காலன்பாக், கிறித்தவத் துறவியர் மடம் ஒன்றில் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். பின் விரும்பியவர்க்கெல்லாம் தாமே கற்பித்தார். 1914இல் அந்நாட்டை விட்டுப் புறப்பட்டபோது, தம்மைச் சிறையிட்ட அரசின் அமைச்சரான ஸ்மட்ஸுக்குத் தம் கையால் செய்த ஒரு சோடிச் செருப்பைப் பரிசாக அளித்தார். வழக்கறிஞராகப் பயின்றவர் செருப்புத் தைத்ததால் அவர் தாழ்ந்துவிடவில்லை. அத்தொழிலின் மதிப்புத்தான் உலகுக்குப் புலப்பட்டது.

வங்கத்திலும் இதையொத்த முயற்சி நிகழ்ந்தது. தாகூர் 1922இல் சாந்திநிகேதனத்தை அடுத்து ஸ்ரீநிகேதனத்தை நிறுவினார். அங்கு வளர்ந்த கைத்தொழில்களுள் தோல் வேலையும் ஒன்று. ஆட்டுத்தோலில் பூ வேலை பதித்து வண்ணமிட்ட சாந்திநிகேதனப் பைகள் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும். வங்கத்தில் வாழும் தமிழர்கள் அவற்றைக் கடைகளில் கண்டிருப்பார்கள்.

இனித் தோலைப் பற்றி அறிவோம். உரித்த தோல் அழுகிவிடும். அது அழுகாதவாறு மாற்றும் செயலே பதனிடுதல். இதில் இரு முறைகள் முதன்மையானவை. ஒன்று, மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைப்பது. மற்றொன்று, குரோமிய உப்பில் இடுவது. முதல் முறையில் நாள்கள் பல செல்லும். தோல் விறைப்பாகவும் பழுப்பு நிறமாகவும் அமையும். இரண்டாவது விரைவானது, தோல் மென்மையாகி, நீரையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். உலகில் இன்று பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமிய முறையைச் சார்ந்ததே.

துவர்ப்பு முறையில் தமிழகத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயால் முடிவு செய்த தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரால் கடல் கடந்து விலைபோயிற்று. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பெரிதும் பிடித்துக்கொண்டது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் இத்தொழில் வேரூன்றியது. இத்தோலும் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. மும்பையில் வாழ்வோர்க்கு இன்னொரு செய்தியும் உரியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவர்களும் இருந்தனர். ஆகவே அந்நகரில் தோலைக் கையில் எடுக்கும் தமிழர், தமக்கு முன் வந்தவர்களின் தொழிலையே தொடுகின்றார்.

தொடங்குவோர் முழுத்தோல் வாங்க வேண்டியதில்லை. தோற்பொருள் செய்யும் இடங்களில் வெட்டியபின் எஞ்சும் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். கத்தியுறைக்குத் துவர்ப்பு முறையில் பதனிட்ட தோலே வேண்டும். குரோமியத் தோல் நனைத்து அமைத்த வடிவத்தில் நிற்பதில்லை. எது எவ்வகை என்று எப்படி அறிவது? வெட்டுவாயைப் பாருங்கள். உள்வரை ஒரே பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் துவர்ப்புத் தோல். நடுவில் நீலச் சாயலான சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியத் தோல். மெருகு பூசாத இடத்தில் ஒரு துளி நீரை இட்டும் பார்க்கலாம். துவர்ப்புத் தோல் அதனை உறிஞ்சிக் கறுக்கும்.

தோலின் எல்லாப் பகுதிகளும் ஒரு தன்மையன அல்ல. முதுகுப்பகுதி உறுதியானது, வயிற்றுப்பகுதி தளர்ந்து நீளும் இயல்பினது. ஆதலால் பையின் தோள்வாரை முதுகுப்பகுதியிலிருந்து, முதுகெலும்பு செல்லும் திசையிலேயே வெட்ட வேண்டும். வயிற்றுத்தோலில் வெட்டிய வார் சில மாதங்களில் நீண்டுவிடும். பைக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமும், உறைக்கு 3 மில்லிமீட்டர் கனமும் பொருந்தும்.

கருவிகள் சிலவே. கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், குத்தூசி, முனை மழுங்கிய தையலூசி இரண்டு, உறுதியான நூல், தேன்மெழுகுக் கட்டி ஆகியவை முதற்கண் போதும். தோலைச் சீவவும் வெட்டவும் செருப்புத் தொழிலாளர் கையாளும் அகன்ற வாயுடைய கத்தியை வடநாட்டில் ‘ராம்பி’ என்பர். பழகியபின் அதனையும் வாங்கிக்கொள்ளலாம். தையற்கோடு இடுவதற்குப் பள்ளிப் பிள்ளையின் கணிதப் பெட்டியிலுள்ள கவராயமே உதவும். அதன் ஒரு முனையைத் தோலின் விளிம்பில் சாய்த்து இழுத்தால், விளிம்புக்கு இணையாக ஒரு கோடு விழும். அக்கோட்டின்மேல் 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளியிட்டுக் குத்தூசியால் துளையிடுக.

தோல் வேலையின் உயிர்நாடி கைத்தையலே. தையற் பொறியில் மேல்நூல் ஒன்றும் கீழ்நூல் ஒன்றும் தோலின் நடுவே ஒன்றையொன்று கோத்து நிற்கும். ஓரிடத்தில் ஒரு நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். கைத்தையலின் அமைப்பு வேறு. நீண்ட நூல் ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளிலும் ஊசி கோக்க வேண்டும். முதல் துளையில் நூலை நடுவாக நிறுத்திய பின், ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து செலுத்தி, இரு கைகளாலும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். இவ்வாறு தைத்தால் ஒவ்வொரு துளையிலும் நூல் இருமுறை செல்லும். ஒரு பக்கத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் தோலை இணைத்தே நிற்கும். குதிரைச் சேணம் தைப்போர் இம்முறையையே கையாண்டனர்; ஏறியிருப்பவரின் உயிர் அத்தையலை நம்பியிருந்ததன்றோ?

தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்க. அதனைத் தேன்மெழுகில் ஓரிரு முறை இழுத்தால் சிக்காது. ஈரமும் எளிதில் ஏறாது. இரண்டாம் ஊசி முதல் நூலைக் குத்திவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை நறுக்கினால் போதும், முடிச்சு வேண்டியதில்லை.

பை செய்வோர் முதலில் தடித்த தாளில் வடிவம் வெட்டி, அதனை ஒட்டிப் பார்த்து, உள்ளே வைக்க வேண்டிய நூலோ உணவுப் பெட்டியோ அதில் அடங்குகின்றதா என்று அறிய வேண்டும். தாளில் நேர்ந்த பிழைக்குச் செலவில்லை. தோலில் நேர்ந்தால் திருத்த வழியில்லை. முன்புறம் ஒன்று, மூடியும் சேர்ந்த பின்புறம் ஒன்று, இரண்டையும் இணைக்கும் நீண்ட பக்கப்பட்டை ஒன்று, தோள்வார் ஒன்று: இந்நான்கு துண்டுகளில் எளிய தோள்பை அமைந்துவிடும். பாரம் முழுதும் வார் சேரும் இடத்தில் விழுவதால், அங்கு உட்புறத்தில் இன்னொரு தோல் துண்டு வைத்துச் சதுரமாகத் தைக்க வேண்டும். பழம்பைகள் பெரும்பாலும் அவ்விடத்திலேயே கிழிந்திருப்பதைக் காணலாம்.

கத்தியுறை சிறியதாயினும் பொறுப்பு மிக்கது. பை கிழிந்தால் பொருள் விழும்; உறை கிழிந்தால் விரல் அறுபடும். குழந்தைகள் உள்ள வீட்டில் காய் நறுக்கும் கத்திக்கும், பயணப் பெட்டியில் செல்லும் பழக்கத்திக்கும் உறை இன்றியமையாதது.

கத்தியைத் தோலின்மேல் வைத்து, சுற்றிலும் போதிய இடம் விட்டு வரைந்து, இரண்டாக மடிக்கும்படி வெட்டுக. இங்கு ஒரு நுட்பம் உண்டு. இரு மடிப்புகளையும் நேராக வைத்துத் தைத்தால் கத்தியின் வாய் நூலிலேயே படும். செருகும்போதும் உருவும்போதும் நூலை அறுத்துக்கொண்டே வரும். ஒரு நாள் உறை பிளந்து, கத்தி கையில் பாயும். இதனைத் தடுக்க, வெட்டுவாய் அமையும் பக்கத்தில் இரு மடிப்புகளுக்கும் நடுவே ஒரு தோற்பட்டையை வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அப்போது கத்தியின் வாய் பட்டையில் தங்கும், நூலைத் தொடாது. கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பட்டையே நல்ல உறைக்கும் தீய உறைக்கும் உள்ள வேறுபாடு.

தைத்தபின் உறையை இளஞ்சூடான நீரில் சிறிது நேரம் நனைத்து எடுங்கள். கொதிநீர் ஆகாது, தோல் சுருங்கி நொறுங்கும். கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே செருகி, விரலாலும் வழவழப்பான மரத்துண்டாலும் அழுத்தினால், உறை கத்தியின் வடிவையே ஏற்கும். பின் கத்தியை எடுத்துவிட்டு, உறையை வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காமல் நிழலில் உலர்த்துக. நன்றாக உலர்ந்தபின் விளிம்பைச் சீவி, சிறிது நீர் தடவி, மரத்துண்டால் தேய்த்தால் மூன்று அடுக்கும் ஒன்றுபட்டு மின்னும். கழுவிய கத்தியை ஈரத்துடன் செருகலாகாது. துவர்ப்புச் சத்தும் ஈரமும் கூடினால் எஃகு துருப்பிடிக்கும். நெடுநாள் பயன்படுத்தாத கத்தியை உறைக்கு வெளியே வைப்பதே நன்று.

ஒரு பையைத் தைத்து முடிக்கும்போது பல மாலைகள் சென்றிருக்கும். விரல் நுனி காய்த்திருக்கும். அப்போது ஓர் உண்மை விளங்கும். தெருவோரத்தில் அமர்ந்து, அறுந்த வாரைச் சில நிமிடங்களில் தைத்துத் தருபவரின் கையில் எத்தனை ஆண்டுப் பயிற்சி இருக்கிறது என்பதே அது. நமக்கு இது பொழுதுபோக்கு; அவருக்கு இது அடுப்பெரிக்கும் தொழில். துளையிடும் கோணமும் நூலை இழுக்கும் அளவும் எழுத்தால் முழுதும் விளக்கக்கூடியவை அல்ல. அவரை ஆசிரியராக மதித்து அருகமர்ந்து கற்பதும், கற்பித்த நேரத்துக்கு உரிய ஊதியம் தருவதும், கேட்ட கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதிருப்பதும் நம் கடமை. மொழி வேறாயினும் கைத்தொழிலைக் கையால் காட்டிவிடலாம். அயலூரில் ஒரு நட்பும் கிடைக்கும்.

முதலில் உறையையே செய்து பாருங்கள். ஒரு சாண் தோலும் இரண்டு முழ நூலும் அதற்குப் போதும்.