சர்வர் உறைதலும் கோப்பு முறைமைச் சிதைவும்

பலர் ஒருங்கே பயன்படுத்தும் சர்வர் என்னும் கணிப்பொறி சிலவேளை யாதொரு மறுமொழியுமின்றி உறைந்து நின்றுவிடுகின்றது. அதனை அணைத்து மீண்டும் இயக்குங்கால், கோப்பு முறைமை சிதைந்துளது என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுகின்றது. உறைந்தமையால் சிதைந்ததோ, சிதைந்தமையால் உறைந்ததோ, அன்றி இரண்டையும் விளைத்த மூன்றாவதொன்று உண்டோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நூல்நிலையத்தில் நூல்கள் வேறு, அவை இருக்குமிடங்காட்டும் பட்டி வேறு அன்றோ? வன்தட்டிலும் அவ்வாறே. ஒரு கோப்பை எழுதுங்கால் பட்டியில் பல இடங்களைத் திருத்தவேண்டும்; இடையில் மின்சாரம் நின்றால் அவை ஒன்றோடொன்று முரணும். 1993-இல் தோன்றிய எக்ஸ்ட்-2 முறைமைக்கு இக்குறை இருந்தது. 2001-இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்-3, குறிப்பேட்டில் பதிந்துகொண்டு பின்னர்ப் பேரேட்டில் ஏற்றும் கணக்கரைப்போல, செய்யப்போவதை முன்னரே எழுதிவைத்தது. அதன் வழிவந்த எக்ஸ்ட்-4 அடிக்கடி சிதையுமாயின், குற்றம் பெரும்பாலும் கருவியினிடத்தது.

இதனை நாம் அறிந்தது பெரும்பிழை செய்த பின்னரே. நம் பொறுப்பிலிருந்த சர்வர் ஒன்று உறைந்தவுடன், எஃப்.எஸ்.சி.கே. என்னும் செப்பனிடும் நிரலை ஏவி, அது கேட்ட வினாக்களுக்கெல்லாம் 'ஆம்' என்றோம். நூற்றுக்கணக்கான கோப்புக்கள் பெயரிழந்து, வெறும் எண்களோடு லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவிற் கிடந்தன. ஒரு மாணவர் ஓராண்டு எடுத்த சோதனை அளவைகளும் அவற்றுள் அடங்கும். பின்னர்ச் சோதித்தபோது நினைவகத் தகடு ஒன்று பழுதென வெளிப்பட்டது. பழுதுபட்ட நினைவகத்தின் வழியே செப்பமும் நடந்திருந்தது!

ஆதலின், எதனையும் திருத்துமுன் வன்தட்டை டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு தட்டிற்குப் படியெடுத்தல் வேண்டும். அடுத்துக் கர்னலின் பதிவேட்டைக் காண்க. படித்தல் எழுதுதலிற் பிழைகள் காணப்படின், தட்டின் ஸ்மார்ட் குறிப்புக்களை நோக்குக: மாற்றிடம் பெற்ற பகுதிகளின் எண்ணிக்கை வளர்ந்தால் தட்டு தளர்கின்றது; சி.ஆர்.சி. பிழைகள் மட்டும் வளர்ந்தால் கேபிளை ஐயுறுக. (ஒரு கேபிளுக்காகத் தட்டையே மாற்றியோரும் உளர்.) இரண்டும் இல்லையெனில் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுதும் ஓடவிடுக. வெப்பமும் மின்வழங்கியும் பார்க்கத்தக்கனவே. இவையனைத்தும் முடிந்த பின்னரே, கோப்பு முறைமையைப் பயன்பாட்டினின்று விலக்கி, எஃப்.எஸ்.சி.கே. நிரலை முதலில் எதனையும் எழுதாது பார்க்கமட்டும் செய்யும் 'என்' குறியோடு ஏவுக.

நிற்க. அம்மாணவர் எண்ணிட்ட கோப்புக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் வரியிலிருந்த தேதியைக்கொண்டு தம் அளவைகளைப் பிரித்தெடுத்தார். மார்ச்சு மாதத்தன மட்டும் கிடைத்தில. அவற்றை மீண்டும் எடுத்தார்.