சத்தமே போடாத தடங்கல்

சிற்றலை ரேடியோவில் தடங்கல் என்றாலே கரகரப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் இருப்பதிலேயே மோசமான தடங்கல் சத்தமே போடாது. 2017 செப்டம்பரில் கரீபியனில் அதுதான் நடந்தது.

செப்டம்பர் 6 அதிகாலை இர்மா புயல் பார்புடா தீவைப் புரட்டிப் போட்டது. டவர், கேபிள் எல்லாம் போனபின் மிச்சமிருந்தது சிற்றலைதான். புயல் காலத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் பகலில் 14.325 மெகாஹெர்ட்ஸிலும் இரவில் 7.268-லும் செய்தி வாங்கிக்கொண்டு இருப்பார்கள். அன்று காலை, அங்கே மணி 8 இருக்கும், சூரியனில் எக்ஸ்9.3 அளவில் ஒரு பெரும் வெடிப்பு. சிற்றலை அடங்கிப் போனது.

ஏன்? சிற்றலையைத் தூர தேசத்துக்குத் திருப்பி அனுப்புவது சுமார் 300 கி.மீ. உயரத்தில் இருக்கும் எஃப் அடுக்கு. அங்கே போய்வர, 60 முதல் 90 கி.மீ. வரை இருக்கும் டி அடுக்கைத் தாண்டணும். டி அடுக்கில் காற்று கொஞ்சம் அடர்த்தி. அலை ஆட்டிவிடும் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். அதாவது நம்ம சிக்னலைத் தின்றுவிடும். அலைவரிசை பாதியானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. இரவில் டி அடுக்கு கரைந்துவிடுவதால்தான் 7 மெகாஹெர்ட்ஸ் அப்போது நன்றாகப் போகிறது. கூடவே எங்கோ அடிக்கும் மின்னலின் இரைச்சலும் வந்து சேரும், அது வேறு தலைவலி.

வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் 8 நிமிடத்தில் பூமிக்கு வந்து, பகல் பக்கத்து டி அடுக்கை ஒரேயடியாகக் கனமாக்குகின்றன. தூரத்து சிக்னலோடு தூரத்து இரைச்சலும் சேர்ந்தே விழுங்கப்படும். ஹெட்போனில் ஒரே நிசப்தம். புயலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஆன்டெனா அறுந்துவிட்டது என்றுதான் நினைப்பார்! அதே நாட்களில் பிரெஞ்சு கயானா கடலோரம் பறந்த ஒரு விமானத்தோடு சுமார் 90 நிமிடம் சிற்றலைத் தொடர்பே இல்லை.

பவரைக் கூட்டிப் பயனில்லை. இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபெல்தான் கிடைக்கும், இழப்போ பல பத்து டெசிபெல். எஃப் அடுக்கு திருப்பி அனுப்பும் வரம்புக்குள் இருக்கிற உயர்ந்த அலைவரிசைக்குத் தாவலாம். முதலில் மீள்வதும் அதுதான், 7 மெகாஹெர்ட்ஸ் கடைசியில்தான் வரும்.