பூங்கா எவ்வளவு தூரம்?

புதுச்சேரியில் பூங்காவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராஜ்நிவாசுக்கு எதிரே பாரதி பூங்கா, 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்கா, கடற்கரைச் சாலையின் தென்கோடியில் டூப்ளே சிலையை ஒட்டிச் சிறுவர் பூங்கா என்று பெயர்பெற்றவை இருக்கின்றன. ஆனால் எல்லாமே பழைய நகரைச் சுற்றிய புல்வார் சாலைகளுக்குள்ளோ அவற்றை ஒட்டியோ அடங்கிவிடுகின்றன. அதற்கு வெளியே உள்ள லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பிள்ளைகளுக்கு அந்தப் பூங்காக்கள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வண்டியில் ஏறிப்போகும் இடங்கள். பிள்ளையின் உடம்பு கேட்பதோ அன்றாட விளையாட்டு.

வாரம் ஒருநாள் போதாது

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சுவாங்கும் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் ஒரு பசுமை இடம் இருக்க வேண்டும் என்பது அதன் ஐரோப்பியப் பிரிவின் பரிந்துரை. தினமும் போக வேண்டுமென்றால் நடந்து போகும் தூரமாக இருந்தாக வேண்டும் என்பதே இதன் பொருள். பகல் வெளிச்சத்தில் விளையாடுவது கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட பிள்ளைகளிடம், மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் கிட்டத்தட்ட 40. கடற்கரைச் சாலை இருக்கிறதே என்பார்கள். அங்கே வண்டிப் போக்குவரத்தைத் தடுப்பது மாலை ஆறு மணிக்குத்தான்; கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் அதற்குள் மங்கத் தொடங்கிவிடும்.

பூட்டினால் பயம் போகுமா?

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டை சோலை நகரில் 9 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட பிறகு, பிள்ளையை வாசலுக்குக்கூட அனுப்ப மாட்டேன் என்று சொல்லும் தாயைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்தக் குழந்தை காணாமல்போனது வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்தபோது. கைதானவர்கள் அதே பகுதியினர். ஆபத்து பூங்காவில் மட்டும் காத்திருப்பதில்லை. பெற்றோர் ஒதுங்கிய பூங்கா குடிப்பவர்களுக்கும் கஞ்சாக்காரர்களுக்கும் போய்ச் சேர்கிறது. அதைக் காட்டி இன்னும் சிலர் ஒதுங்குகிறார்கள். ஆள்நடமாட்டமே காவல் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இலேயே வாதிட்டார். தெருவிலிருந்து பார்வை படும்படி தாழ்வான வேலி, எரியும் விளக்கு, பாட்டிகள் உட்காரப் பெஞ்சு, சுத்தமான கழிப்பறை இருந்தால் கூட்டம் தானாக வரும். விழும் பிள்ளைக்கு அடிபடாமலிருக்க, சறுக்குமரத்தின் அடியில் சிமெண்டுக்குப் பதில் ஆழமாக மணல் வேண்டும்.

இடத்துக்கு எங்கே போவது?

நெல்லித்தோப்பிலும் முதலியார்பேட்டையிலும் புதிதாகப் பூங்காவுக்கு நிலம் தேடுவது கடினம் என்பது உண்மை. ஆனால் அரசுப் பள்ளிகளின் மைதானங்கள் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன; பள்ளி விட்டதும் அவற்றைப் பூட்டிவைக்க வேண்டியதில்லை. பொருள்கள் களவுபோகும், சுவரெல்லாம் கிறுக்குவார்கள் என்ற தலைமையாசிரியர்களின் கவலை நியாயமானது. வகுப்பறைப் பக்கத்தைத் தனியே அடைத்து, மைதானத்துக்குத் தெருப்பக்கம் ஒரு வாசல் வைத்து, நான்கரை முதல் ஆறரை வரை சம்பளத்துக்கு ஒரு காவலாளியை நிறுத்தினால் அந்தக் கவலையின் பெரும்பகுதி தீரும். அந்தச் சம்பளத்தை ஏற்க வேண்டியது நகராட்சி, பள்ளி அல்ல.