எல்லோரிடமும் இருக்கும் வைரஸ், சிலருக்கு மட்டும் வரும் நோய்

வளர்ந்தவர்களில் 100க்கு 95 பேரின் உடலில் இருக்கும் ஒரு வைரஸ்தான் ஒரு நோய்க்குக் காரணம் என்று எப்படி நிறுவுவது? எச்சில் வழியாகப் பரவும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ரத்தத்தின் பி செல்களில் ஆயுள் முழுக்கப் பதுங்கிக்கொள்ளும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயாளிகளிடம் அது இருக்கிறது என்றால், 'எனக்கும்தான் இருக்கிறது, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?' என்று யாரும் கேட்டுவிடலாம். அந்தக் கேள்வியிலேயே ஆராய்ச்சி பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது.

நோயோ கொடியது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை, உடலின் சொந்த நோய் எதிர்ப்பு மண்டலமே அரிக்கிறது. திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சில வாரங்களில் சரியாகிவிட்டது போலிருக்கும். மாதங்கள் கழித்து வேறொரு வடிவில் திரும்பி வரும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. வேலை, திருமணம், குழந்தை என்று வாழ்க்கை ஊன்றிக்கொள்ளும் வயதில் வந்து நிற்பதுதான் இதன் பெருங்கொடுமை.

1868இல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். அவருடைய மாணவர் பியர் மாரி, 1884லேயே தொற்றின்மீது சந்தேகப்பட்டார். அதன்பிறகு தட்டம்மை வைரஸ் முதல் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் வரை எத்தனையோ கிருமிகள்மீது பழி விழுந்தது, எதுவும் நிலைக்கவில்லை.

வழி திறந்தது அமெரிக்க ராணுவத்தின் ரத்தக் கிடங்கில். எச்.ஐ.வி. பரிசோதனைக்காகப் படையினரிடம் பணியில் சேரும்போதும், பிறகு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறையும் ரத்தம் எடுக்கிறார்கள். மிஞ்சும் சீரத்தைக் கொட்டிவிடாமல் உறைநிலையில் வைத்திருந்தார்கள். ஹார்வர்டின் ஆல்பர்ட்டோ அஷெரியோ, ஷெட்டில் பியோர்னெவிக் குழு, 1993 முதல் 2013 வரை பணியாற்றிய ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் பதிவுகளைத் துழாவியது. பின்னாளில் எம்.எஸ். வந்தவர்களில் 801 பேருக்குப் போதிய ரத்த மாதிரிகள் கிடைத்தன. தொற்று ஏற்கெனவே இருந்தவர்களை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே கவனம் திரும்பியது, முதல் மாதிரியில் வைரஸின் தடயமே இல்லாத 35 பேர் மீது. அவர்களில் 34 பேருக்கு நோய் வருமுன் தொற்று வந்திருந்தது. தொற்றியபின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு எகிறியிருந்தது. அதேபோல் எச்சிலில் பரவும் சைட்டோமெகலோ வைரஸோ அப்படி எதையும் செய்யவில்லை.

நோயின் தொடக்கம்தான் தொற்றுக்கு இடம்கொடுத்ததோ என்றும் கேட்கலாம். நரம்பு சிதையும்போது ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தை அளந்து அதற்கும் விடை தேடினார்கள். தொற்றுக்கு முன் அது ஏறவில்லை, பின்னரே ஏறியது. 2022 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த இந்த ஆய்வை, பொறுமையாகச் சேமித்துவைத்த ரத்தத்தின் வெற்றியாகவே பார்க்கிறேன்.

வைரஸ் எப்படிக் கெடுக்கிறது? அதே மாதம் 'நேச்சர்' இதழில் ஸ்டான்ஃபோர்டு குழு ஒரு விளக்கம் தந்தது. வைரஸின் இ.பி.என்.ஏ.1 புரதத்தில் ஒரு துண்டு, மூளையிலுள்ள கிளியல்கேம் என்ற புரதத்தின் ஒரு பகுதியை ஒத்திருக்கிறது. வைரஸை அடிக்க உருவான ஆன்டிபாடி, மூளையின் புரதத்தையும் பற்றிக்கொள்கிறது. ஆனால் இத்தகைய ஆன்டிபாடி நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடமே காணப்பட்டது. மற்றவர்களுக்கு வேறு வழிகளும் இருக்க வேண்டும்.

வைரஸ் இல்லாமல் நோய் வருவது மிக அரிது. ஆனால் வைரஸ் மட்டும் போதாது. எச்.எல்.ஏ. மரபணுவின் ஒரு வகை, வைட்டமின் டி குறைவு, புகைப்பழக்கம் எல்லாம் கூட்டுச் சேருகின்றன. தொற்றும் வயதும் முக்கியம். இந்தியாவில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே இந்த வைரஸ் தொற்றிவிடுகிறது. அப்போது அறிகுறிகளே தெரிவதில்லை. பருவ வயதில் முதன்முதலாகத் தொற்றினால் தொண்டைப்புண், கழுத்தில் நெறிகட்டு, வாரக்கணக்கில் அசதி என்று சுரப்பிக் காய்ச்சலாக வெளிப்படும். அந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். ஐரோப்பாவைவிட இங்கே எம்.எஸ். குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெயிலுக்கும் மரபுக்கும்கூடப் பங்கிருக்கலாம்.

வைரஸ் ஒளிந்திருக்கும் பி செல்களை அழிக்கும் ஓக்ரிலிசுமாப் மருந்து நோயை நன்றாகவே கட்டுப்படுத்துகிறது. ஆனால் வைரஸ் புகுந்த செல்களை மட்டும் தேடிக் கொல்லும் செல் சிகிச்சை ஒன்று 2023இல் சோதனையில் பலன் தரவில்லை. நோய் வேரூன்றியபின் வைரஸைத் துரத்துவது தாமதமோ என்னவோ. ஆகவே நம்பிக்கை இந்த வைரஸுக்கான தடுப்பூசிப் பக்கம் சாய்கிறது. 2022இல் அமெரிக்காவில் மனிதர்களிடம் பரிசோதனைகள் தொடங்கின. தடுப்பூசி சுரப்பிக் காய்ச்சலைத் தடுக்கிறதா என்பதை ஒப்பீட்டளவில் சீக்கிரம் அறியலாம். எம்.எஸ்.ஸைத் தடுக்கிறதா என்று அறிய, பல்லாயிரம் இளைஞர்களைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர வேண்டியிருக்கும். அவ்வளவு நீண்ட ஆய்வுக்குத் தனியார் நிறுவனங்கள் பணம் போடத் தயங்கும். அரசுகள்தான் முன்வர வேண்டும்.