பயந்த கோளாறு

எங்கள் வளவில் எதிர்வீட்டுப் பையனுக்கு அடிக்கடி மந்திரிப்பார்கள். ஏழு வயதாகியும் பாயை நனைத்தான், ராத்திரி தூக்கத்தில் அலறினான். அந்தி சாய்ந்ததும் அவன் அம்மா பள்ளிவாசல் படியில் அவனை நிறுத்தி வைத்திருப்பாள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் அவன் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். இடுப்பில் தாயத்து, நெற்றியில் திருநீறு. ‘பயந்த கோளாறு’ என்றார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பயந்துதான் போயிருந்தான். எதைக் கண்டு பயந்தான் என்று ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்து அவன் அப்பா அம்மாவை அடிக்கிற சத்தம் வளவு முழுக்கக் கேட்கும். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு வாசப்படி, சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சட்டம் மெதுவாக வந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தது. 2005இல் இயற்றிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அம்மாவுக்கு முறையிட ஓர் இடம் கிடைத்தது. பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனது. உள்ளே புருஷன் பெண்டாட்டிக்குச் சமாதானம் பேசும்போது அது வெளிப் பெஞ்சில் பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தது. அந்தச் சட்டம் தற்காலிகமாகப் பிள்ளையை யார் பொறுப்பில் விடுவது என்று பேசுகிறது. ஆனால் ஆலோசனை பற்றிய 14ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட பெண்ணையும் எதிர்மனுதாரரையும் மட்டுமே சொல்கிறது. ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்த பிள்ளை அதில் இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

இன்று என் வகுப்பறைச் சுவரில் 1098, 14417 என்று இரண்டு உதவி எண்கள் எழுதியிருக்கின்றன. மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. அங்கிருந்து வந்த ஓர் ஆலோசகர் அக்காவின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, டீச்சரும் கூட இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கிரேயான் டப்பாவைத் திறந்து வைத்தார். பிள்ளையின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கிடந்தது.

“இது எதுக்கும்மா?”

“பயந்த கோளாறுக்கு.”

“அப்படியா! எதப் பாத்துப் பயந்த?”

பிள்ளை பதில் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு வீடு வரைந்தாள். வீட்டை விடத் தாழ்ப்பாள் பெரிதாக இருந்தது. வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு தலைகள். அவளும் தம்பியும். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் அங்கே போய்விடுவார்களாம். “நான் கணக்குல மார்க் குறைஞ்சதாலதான் சண்டை” என்றாள். அதற்கு மட்டும் அக்கா உடனே பதில் சொன்னார்: “உன்னால இல்ல பாப்பா.” அடுத்த வாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரமும் சொன்னார்.

பிறகு விரல்விட்டுச் சில விஷயங்களைப் பழக்கினார். சண்டைக்கு நடுவில் புகுந்து தடுக்கக் கூடாது. தம்பி கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டு அத்தை வீட்டுக்கு ஓட வேண்டும். அங்கிருந்து 1098. கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. அம்மா கட்டியது, இருக்கட்டும் என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வளர்ந்த பையன்களிடம் கிரேயான் செல்லாது. அம்மாவுக்கு முன்னால் மறித்து நிற்கத் தொடங்கிய பத்தாம் வகுப்புப் பையனை மைதானத்தில் கூடவே நடத்திக்கொண்டு பேசினார். “நீ சொல்றத வெளிய சொல்ல மாட்டேன். உனக்கோ அம்மாவுக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மூன்றாவது சுற்றில்தான் அவன் வாயைத் திறந்தான்.

இதற்கென்று தனி அறை எங்களிடம் இல்லை. ஆய்வகத்தில்தான் பேசுகிறார்கள், யாராவது கதவைத் திறந்துகொண்டே இருப்பார்கள். ஓர் ஆலோசகருக்கு எத்தனையோ பள்ளிகள். ஒப்பந்த வேலை என்பதால் ஆளும் மாறிவிடுகிறார். அந்த அக்காவும் போய்விட்டார்.

புதியவர் திங்கட்கிழமை வருகிறார் என்று பிள்ளையிடம் சொன்னேன். கயிற்றைத் திருகிக்கொண்டே கேட்டாள்: “மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லணுமா டீச்சர்?”