சாவிக்குள் ஒரு சாவி



போன மாதம் எங்க மாமாவின் கார் மூன்று நாள் ஓடாமல் நின்றது. காரணம் நான்தான். எங்க தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்துபோனதால் இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று நாளில் கார் சாவியைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மாமா வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். வாங்கும்போதே ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். அந்தச் சாவி துவைக்கிற கல்லில் விழுந்து, பிடிக்கிற இடத்தில் உள்ள கருப்பு பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்துவிட்டது. "பாப்பா, இதைக் கொஞ்சம் ஒட்டிக் குடு"ன்னு மாமா என்னிடம் கொடுத்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து மூடியைப் பிரித்தேன். உள்ளே இருந்து கருப்பாக ஒரு துண்டு விழுந்தது. புளியங்கொட்டை அளவுகூட இருக்காது. அதில் வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. சும்மா இடத்தை அடைக்க வைத்த பிளாஸ்டிக் என்று நினைத்து ஓரமாகப் போட்டேன். சாவியை அழகாக ஒட்டினேன். அப்புறம் திண்ணையைப் பெருக்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு அக்காவை ஸ்கேன் எடுக்க மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். மாமா சாவியைத் திருப்பினார். செல்ஃப் எடுத்தது. இன்ஜின் ஒரு உறுமு உறுமியது, இரண்டே செகண்டில் அணைந்துபோனது. பத்துத் தடவை போட்டாலும் அதே கதைதான். அந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனாங்க.

மெக்கானிக் அண்ணன் வந்து பிளக்கைக் கழற்றினார், ஃபியூஸ் பார்த்தார், பின் சீட்டைத் தூக்கி பெட்ரோல் பம்பையும் பார்த்தார். அதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது. அப்புறம்தான் டேஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு லைட் மினுக் மினுக்கென்று எரிவதைக் கவனித்தார். "சாவியை யாராவது திறந்தீங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னேன். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்கும் சேர்த்து அம்மா திட்டிவிட்டாள்.

டார்ச் அடித்து வாசல் குப்பையில் தேடினோம். கிடைத்தது. ஆனால் அதன் மேல் சைக்கிளோ என்னவோ ஏறி, இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே மயிரிழை மாதிரி செம்புக் கம்பிச் சுருள் பிய்ந்து தொங்கியது. உடையாமல் இருந்திருந்தால் திரும்ப சாவிக்குள்ளே வைத்திருக்கலாம், காரும் ஓடியிருக்கும்.

அந்தத் துண்டுதான் சிப். சில சாவிகளில் இது அரிசி மாதிரி சின்னக் கண்ணாடிக் குழாயாக இருக்கும். கதவைத் திறக்கும் ரிமோட் வேறு, இது வேறு. ரிமோட்டுக்கு பேட்டரி வேண்டும், இதற்கு வேண்டாம். பேட்டரி இல்லாமல் எப்படி வேலை செய்யும்?

நம்ம அறிவியல் புத்தகத்தில் மின்காந்தத் தூண்டல் வருகிறதல்லவா? 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது. கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் உண்டாகும். காரில் சாவி போடுகிற ஓட்டையைச் சுற்றி ஒரு கம்பி வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த வளையத்தில் ஓடும் மின்சாரம் செகண்டுக்கு சுமார் 1,25,000 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அதனால் சிப்புக்குள் இருக்கும் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துளியே சிப்புக்குப் போதும். உடனே விழித்துக்கொண்டு தன் ரகசிய எண்ணை காரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். எண் சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் இன்ஜினைத் தொடர்ந்து ஓட விடும். இல்லையென்றால் பெட்ரோலை நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். மாருதி கார்களில் ஐகேட்ஸ் என்று சொல்வார்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு தீப்பெட்டியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் தடவிய மருந்தில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. குச்சியைச் சுவரில் உரசினால் சாதாரணமாகப் பற்றாது, பெட்டியில் உரசினால்தான் பற்றும். சாவியும் அப்படித்தான். இரும்பு மட்டும் சரியாக வெட்டியிருந்தால் பூட்டு திரும்பும், செல்ஃப்பும் எடுக்கும். ஆனால் சிப் இல்லாவிட்டால் அது பெட்டி இல்லாத குச்சிதான்.

முதலில் வந்த சிப்புகள் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லும். அதை ஒருவர் ஒட்டுக்கேட்டால் போதும், நகல் எடுத்துவிடலாம். அதனால் பின்னால் வந்தவற்றில் வேறு வழி செய்தார்கள். கார் ஒவ்வொரு தடவையும் புதுக் கேள்வி கேட்கும். சிப் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் சொல்லும். ரகசிய எண் வெளியே வரவே வராது. அதிலும் ஒரு வகையை 2005-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் சேர்ந்து உடைத்துக் காட்டினார்கள். அதன் ரகசியம் 40 பிட் நீளம்தான். அதாவது 2-ஐ 40 தடவை பெருக்க வேண்டும். நான் பெருக்கிப் பார்த்தேன், சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி வந்தது. நமக்கு அது பெரிசு, கம்ப்யூட்டருக்குப் பெரிசு இல்லை.

இப்போது எங்க காருக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மதுரையிலிருந்து சாவி போடும் அண்ணன் வந்தார். வந்ததும் காரைப் பார்க்கவே இல்லை. முதலில் ஆர்.சி. புக்கையும் மாமாவின் லைசென்ஸையும் கேட்டார். "இது இல்லாம சாவி போட்டா நான் திருடனுக்கு உதவுன மாதிரி ஆயிரும்மா" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பழைய சாவியை வைத்து மெஷினில் புதுச் சாவி வெட்டினார். அதற்குள் புது சிப். ஆனால் புது சிப்பை காருக்குத் தெரியாது, அறிமுகம் செய்து வைக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் தன் கருவியைச் சொருகினார். கார் கம்ப்யூட்டர் ஒரு பின் நம்பர் கேட்கும், அது சரியாக இருந்தால்தான் புதுச் சாவியைச் சேர்க்க விடும். சில கார்களுக்கு அதைக் கம்பெனியில்தான் வாங்க வேண்டுமாம், எங்க காரில் கருவியே படித்துவிட்டது. வேலை நடக்கும்போது கார் பேட்டரி இறங்கினால் கம்ப்யூட்டரே கெட்டுப்போகலாம் என்று இன்னொரு பேட்டரியையும் சேர்த்து மாட்டியிருந்தார். சாவியை ஆன் செய்தார். சிவப்பு லைட் கொஞ்ச நேரம் மினுக்கி அணைந்தது. மாமா ஸ்டார்ட் செய்தார். இரண்டு செகண்ட், மூன்று, நாலு... நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அணையவில்லை!

புதுச் சாவி சேர்க்கும்போது பழைய சாவிகளை எல்லாம் கார் மறந்துவிடும்படி செய்யலாமாம். தொலைந்த சாவி யார் கையில் கிடைத்தாலும் அப்புறம் பிரயோஜனம் இல்லை. மாமா இரண்டு சாவி போடச் சொன்னார். மொத்தம் 5,500 ரூபாய். அதோடு மூன்று நாள் வாடகையும் போச்சு. மாமா கணக்கு சொல்லவில்லை, நானாகப் போட்டுப் பார்த்தேன்.

இவ்வளவு தொல்லை தரும் சிப் எதுக்குன்னு எனக்கும் முதலில் கோபம் வந்தது. அது இல்லாத கதையையும் கேளுங்கள். ஐரோப்பாவில் 1998-லிருந்தும் கனடாவில் 2007-லிருந்தும் புதுக் கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாயும் அதன் கூட்டாளி கியாவும் அமெரிக்காவில் விற்ற பல கார்களில் அதை வைக்கவில்லை. 2021, 2022-இல் நம்ம வயசுப் பசங்களே வீடியோ பார்த்து அந்தக் கார்களைத் திருடி ஓட்டினார்கள். விபத்தில் சிலர் செத்தும் போனார்கள். 2023-இல் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாக சாஃப்ட்வேர் மாற்றித் தருவதாக அறிவித்தார்கள்.

ஒரு சாவி இப்போது மாமா சட்டைப்பையில். இன்னொன்று எங்க வீட்டு சாமி படத்துக்குப் பின்னால். அதை என்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறார், கூடவே "ஒட்ட வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறார். உடைந்த சிப் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இடைவேளையில் கேளுங்கள், காட்டுகிறேன்.